யானைக்குளம் சிவப்பான கதை

ஒரு காட்டில், அதாவது எங்கள் அலுவலக வரைபடத்தில் காடு என்று பச்சை அடித்திருக்கிற ஓர் இடத்தில், வர்ணலிங்கம் என்றொரு பச்சோந்தி இருந்தது. அங்கே இப்போது மரம் இருக்கிறதா என்று யாரும் என்னைக் கேட்கக் கூடாது. நானும் வரைபடம் போட்டுச் சம்பளம் வாங்குகிறவன்தான். நேரில் போய்ப் பார்த்தால் மனசு கெட்டுவிடும் என்பது எங்கள் கூட்டத்தின் நம்பிக்கை.

வர்ணலிங்கத்துக்கும் என் வேலைதான். காட்டில் எங்கே என்ன குறை, எது எதனால் வருகிறது என்று வரைபடத்தில் காட்டி ராஜாவுக்கு விளக்க வேண்டும். முன்பு அந்த வேலையைக் காக்கை பார்த்தது. பறந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அங்க தண்ணி இல்லை மகாராஜா" என்று சொல்லிவிட்டு மரத்தில் உட்கார்ந்துகொள்ளும். அதில் ஒரு கம்பீரம் இல்லை என்று ராஜாவுக்குக் குறை. வர்ணலிங்கம் வந்த பிறகுதான் "நீர்ப் பற்றாக்குறையின் இடஞ்சார்ந்த பரவல்" என்று பெரிய எழுத்தில் தலைப்பு வந்தது, கீழே குட்டியாக அளவுகோல் வந்தது, மூலையில் வடக்கு எது என்று காட்டும் அம்பு வந்தது. அந்த அம்பைப் பார்த்ததும் ராஜா காக்கையை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்.

இந்த வேலைக்குப் பச்சோந்தியைவிடப் பொருத்தமான பிராணி கிடையாது. அதற்கு ஒரு கண் ஒரு பக்கமும் இன்னொரு கண் இன்னொரு பக்கமும் திரும்பும். ஒன்றைத் திரையிலும் மற்றொன்றை ராஜாவின் முகத்திலும் வைத்துக்கொள்ளலாம். நிறம் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் தன் உடம்பிலேயே வரவழைத்துப் பார்க்கும். இந்தச் சிவப்பைப் பார்த்தால் ராஜாவுக்குப் பயம் வரும், அந்தச் சிவப்பைப் பார்த்தால் பசி வரும் என்பதெல்லாம் அதற்கு அத்துப்படி. நான் இதே ஆராய்ச்சியில் மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறேன். என் உடம்பு ஒத்துழைக்காததால் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகிறது.

வர்ணலிங்கத்தின் அலுவலகம் யானைக்குளத்தின் கரையில் இருந்தது. காட்டிலேயே பெரிய குளம் அதுதான். கோடையிலும் கரை தளும்பும். அலுவலகத்துக்குக் குளத்தைப் பார்த்தபடி ஒரு ஜன்னலும் உண்டு. ஆனால் தண்ணீரில் பட்ட வெயில் திரும்பித் திரையில் அடித்ததால், வேலைக்குச் சேர்ந்த அன்றே வர்ணலிங்கம் ஜன்னலுக்குத் தடித்த துணி போட்டுவிட்டது. குடிக்கத் தண்ணீர் கேனில் வந்தது. எங்கிருந்து வருகிறது என்று அது கேட்டதில்லை. கேன் என்றால் கம்பெனியிலிருந்து வரும் என்று ஒரு நினைப்பு.

அந்த வருஷம் மழை பொய்த்தது. காட்டில் தாகம் எங்கே அதிகம் என்று கண்டுபிடிக்க ராஜா உத்தரவிட்டார். (ராஜா சிங்கம்தான். அவரை மட்டும் 'அது' என்று எழுதுவதற்கு எனக்குத் தைரியம் இல்லை.) வர்ணலிங்கம் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு செயலி செய்தது. யாருக்குத் தண்ணீர் இல்லையோ அவர்கள் போனில் ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். அமுக்கும்போது போன் எங்கே இருக்கிறதோ, வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு புள்ளி விழும். புள்ளி கூடக் கூட அந்த இடம் மஞ்சளாகும், பிறகு சிவப்பாகும். புள்ளியே விழாத இடம் நல்ல கரும்பச்சை. கேட்கவே அழகாக இருந்தது. இதில் என்ன தப்பு வரப்போகிறது என்று சபையில் எல்லாரும் கை தட்டினார்கள். நான் அங்கே இருந்திருந்தால் நானும் தட்டியிருப்பேன், நோகாத கைதானே.

தப்பு இவ்வளவுதான்: காட்டில் டவர் இருந்தது ஒரே இடத்தில். அது ராஜா தினமும் போன் பேசுகிற யானைக்குளக் கரை.

இப்போது கருக்காம்பாறைக்குப் போவோம். வரைபடத்தில் சுண்டுவிரல் தூரம், காலுக்கோ விடியலில் கிளம்பினால் பொழுது ஏறும்வரை நடை. மேற்கே வெறும் பாறையும் முள்ளுமான பகுதி. அங்கே எறும்புத்தின்னிகள் வளை தோண்டிக் குடியிருந்தன. உடம்பெல்லாம் செதில் இருக்குமே, பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளுமே, அந்தப் பிராணி. மலையிலிருந்து கசிகிற ஓர் ஊற்றை நம்பித்தான் அவை பிழைத்தன. அந்த ஊற்று மெலிந்து நூலாகிவிட்டது. செதிலாயி என்ற எறும்புத்தின்னிக்கு அப்போதுதான் ஒரு குட்டி பிறந்திருந்தது. தாய்க்குத் தண்ணீர் இல்லாததால் குட்டிக்குப் பாலும் இல்லை. அது அழக்கூடத் தெம்பில்லாமல் தாயின் வாலைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தது.

ராஜா இலவசமாகக் கொடுத்த போன் செதிலாயியிடமும் இருந்தது. பொத்தானை அமுக்கிப் பார்த்தது. வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்ததே தவிரப் புகார் போகவில்லை. சரி, டவர் இருக்கிற இடத்துக்கே போய் அமுக்கலாம் என்று குட்டியை வாலில் ஏற்றிக்கொண்டு யானைக்குளத்துக்கு நடந்தது.

கரையில் முங்குசாமி என்ற நீர்நாய் காவல் இருந்தது. ராஜாவுக்குக் கரையைக் காப்பதும் அலுவலகத்துக்குக் கேன் நிரப்புவதும் அதன் வேலை.

"ஏம்மா, எந்த ஊரு?" என்று கேட்டது முங்குசாமி.

"கருக்காம்பாறைங்க அண்ணே. குட்டிக்கு ஒரு வாய் தண்ணி வேணும்."

"கரைவாசிங்களுக்கு மட்டும்தாம்மா. அட்டை வச்சிருக்கியா?"

"அட்டையெல்லாம் இல்லீங்களே."

"அப்ப புகார் குடுத்துட்டுக் கிளம்பு. அதுக்குக் காசும் இல்லை, அட்டையும் வேணாம்."

எறும்புத்தின்னிக்கு நாக்கு நீளம். குட்டி தாயின் வாலில் இருந்தபடியே தண்ணீரை நோக்கி நாக்கை நீட்டியது. எட்டுகிற சமயத்தில் முங்குசாமி குறுக்கே காலை வைத்தது. இந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது. கதையில் நான் எதுவும் செய்ய முடியாது என்பதால் தைரியமாகவே வருகிறது.

தளும்புகிற குளத்தின் ஓரத்தில் நின்று செதிலாயி பொத்தானை அமுக்கியது. "தண்ணீர் இல்லவே இல்லை." புகார் உடனே போய்விட்டது. வரைபடத்தில் யானைக்குளத்தின் மேல் ஒரு புள்ளி விழுந்தது.

செதிலாயி திரும்பிப் போய்ப் புகார் கொடுத்தாகிவிட்டது என்று சொன்னதும், கருக்காம்பாறையில் நடக்க முடிந்த அத்தனை எறும்புத்தின்னிகளும் கிளம்பி வந்து குளக்கரையில் நின்று அமுக்கின. மற்ற வறண்ட பகுதிகளிலிருந்தும் முயல்களும் உடும்புகளும் வந்து அமுக்கின. யானைக்குளம் மஞ்சளாகி, காவியாகி, கடைசியில் ரத்தச் சிவப்பானது. கருக்காம்பாறையிலிருந்து ஒரு புள்ளிகூட வராததால் அது காட்டிலேயே செழிப்பான பகுதியாகக் கரும்பச்சையில் பளபளத்தது.

வர்ணலிங்கம் வரைபடத்தை இலையில் அச்சடித்துச் சபைக்கு எடுத்துப் போனது. ராஜா பார்த்தார். மீசை துடித்தது.

"யானைக்குளத்துலயா தண்ணி இல்லை? காலையிலதானேய்யா குடிச்சேன்?"

"அது தங்களுடைய தனிப்பட்ட அனுபவம், மகாராஜா. புள்ளிவிவரம் வேறு சொல்கிறது."

"குளம் அதோ தெரியுதே!"

"ஓர் இடத்திலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும், மகாராஜா. நாம் மொத்தக் காட்டையும் வைத்துப் பார்க்க வேண்டும்."

ராஜா வரைபடத்தின் மூலையில் இருந்த அம்பைப் பார்த்தார். இவ்வளவு சுத்தமாக வடக்கைக் காட்டுகிற ஒருவன் தண்ணீர் விஷயத்தில் பொய் சொல்வானா என்று நினைத்தாரோ என்னவோ, பேச்சை விட்டுவிட்டார். அதற்குள் ஒரு யானை, "இப்பச் சொல்லும்போதுதான் தோணுது, நேத்துக் குளிக்கிறப்ப முதுகு சரியா நனையலை" என்றது. எருமை ஒன்று, தனக்கும் சில நாளாகத் தொண்டை வறள்கிறது என்றது. சிவப்புப் பகுதியில் குடியிருக்கிறோம் என்று தெரிந்ததும் எல்லாருக்கும் தாகம் எடுக்க ஆரம்பித்தது.

ராஜா உடனே நிவாரணத் திட்டம் அறிவித்தார். பச்சைப் பகுதியில் உபரியாக இருக்கும் நீரைச் சிவப்புப் பகுதிக்குத் திருப்ப வேண்டும். காட்டுப்பன்றிகள் போய்க் கால்வாய் தோண்டின. கருக்காம்பாறையில் நூலாகக் கசிந்துகொண்டிருந்த ஊற்று யானைக்குளத்துக்கு வந்து சேர்ந்தது. குளம் வழிந்து கரையோரப் புற்றுகள் இரண்டு கரைந்தன.

செதிலாயியின் வளையருகே ஈர மண் வாசனைகூட இல்லாமல் போனது. அது மறுபடி குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தது. மறுபடி அட்டை கேட்டார்கள். மறுபடி கரையில் நின்று அமுக்கியது. இந்தத் தடவை போகும்போது, தன் இடத்தைச் சொல்லிவிட்டாவது போகலாம் என்று அலுவலகத்துக்குள் எட்டிப் பார்த்தது.

"சார், நான் கருக்காம்பாறைங்க. எங்க ஊத்தைத் திருப்பிட்டாங்க. குட்டி செத்துரும் போல இருக்குங்க."

வர்ணலிங்கம் ஒரு கண்ணை மட்டும் திருப்பியது. "கருக்காம்பாறையாம்மா? அது பச்சையாச்சே. குடுத்து வச்சவங்க நீங்க."

"பச்சைன்னா என்னங்க சார்?"

"நல்லா இருக்கீங்கன்னு அர்த்தம்."

செதிலாயி தன்னையும் குட்டியையும் ஒரு முறை பார்த்துக்கொண்டது. படித்தவர் சொல்கிறார், எங்கோ நாம்தான் சரியாகப் பார்க்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே போயிற்று.

திட்டம் போட்ட பிறகும் புகார் கூடியதைக் கண்டு வர்ணலிங்கம் மிரண்டுபோனது. ராப்பகலாகக் கணக்குப் போட்டது. இவ்வளவு தண்ணீர் விட்ட பிறகும் ஓர் இடம் சிவப்பாகிறது என்றால், அந்த நிலத்தில் ஏதோ தீராத கோளாறு இருக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தது. காரணத்துக்கு ஒரு பெயரும் வைத்தது: "நிலைபெற்ற வறட்சி மையம்." பக்கத்துக் காட்டு மாநாட்டில் அந்தப் பெயரைக் கேட்டு நரிகள் குறிப்பெடுத்துக்கொண்டன என்று கேள்வி. நாங்களும் இப்படித்தான். கோளாறுக்குக் காரணம் தெரியாவிட்டால் அதற்கு நல்ல பெயராக ஒன்று வைத்துவிடுவோம். பாதி பேருக்கு அதிலேயே குணமாகிவிடும்.

ராஜா கடைசி உத்தரவைப் போட்டார். கரைவாசிகள் அத்தனை பேரும் சிவப்புப் பகுதியைக் காலி செய்துவிட்டுக் கரும்பச்சையான கருக்காம்பாறையில் குடியேற வேண்டும். யானைகளும் எருமைகளும் மான்களும் மூட்டை முடிச்சோடு கிளம்பின. வர்ணலிங்கமும் திரையைச் சுருட்டிக்கொண்டு, புள்ளிகளை வாங்க மட்டும் தெரிந்த, அனுப்பத் தெரியாத ஒரு டிஷ்ஷையும் தூக்கிக்கொண்டு கூடவே போனது. குளத்தின் வழியில் ஒரு பலகை நட்டார்கள்: "கடும் வறட்சிப் பகுதி. உயிருக்கு ஆபத்து. உள்ளே வராதீர்."

கருக்காம்பாறையின் பழைய குடிகளை யாரும் கேட்கவில்லை. மேற்கிலிருந்து யானைகள் மிதிக்க வருகின்றன என்று பதறி, எறும்புத்தின்னிகள் குட்டிகளோடு இரவோடிரவாக, இல்லை, வெயிலோடு வெயிலாகவே எதிர்ப்பக்கம் ஓடின. யானைகள் வந்தது கிழக்கிலிருந்து. அதை மேற்கு என்று நான் எழுதிவிட்டேன். திருத்தாமல் விடுகிறேன், தொழில் தெரியட்டும். எறும்புத்தின்னிகள் பாறையைச் சுற்றிக்கொண்டு வேறு போக்கிடம் தெரியாமல் யானைக்குளத்துக்கு வந்து சேர்ந்தன. செதிலாயிக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். பலகையைப் படித்தது. வாலில் கிடந்த குட்டியைப் பார்த்தது. "எங்களுக்கு எங்கதான் ஆபத்து இல்லை" என்று உள்ளே நுழைந்தது.

கேட்பதற்கு யாரும் இல்லை. குட்டி நாக்கை நீட்டியது. நாக்கு தண்ணீரைத் தொட்டது. அது குடித்தது, குடித்துக்கொண்டே இருந்தது. செதிலாயி அதைப் பார்த்துக்கொண்டே தானும் குடிக்க மறந்து நின்றது. எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் இதுதான். இதை எந்த நிறத்தில் காட்டுவது என்று தெரியவில்லை.

அப்போது தண்ணீருக்குள்ளிருந்து முங்குசாமி தலையை நீட்டியது. மாற்றல் உத்தரவில் அதன் பெயரை விட்டுவிட்டிருந்தார்கள். அதுவும் ஞாபகப்படுத்தவில்லை.

செதிலாயி நடுங்கிச் சுருளப் பார்த்தது. "மன்னிச்சுருங்க அண்ணே. புகார் குடுக்கத்தான்..."

"குடு, குடு. தினம் குடு" என்றது முங்குசாமி, மீனை மென்றுகொண்டே.

"இப்பத்தான் தண்ணி கிடைச்சிருச்சே அண்ணே? நன்றின்னு ஒண்ணு போட்டுரலாம்னு பார்த்தேன்."

"போட்டுத் தொலைச்சிராதேம்மா! அதுல நன்றிக்குப் பொத்தான் இல்லை, அது ஒரு புண்ணியம். நல்லாக் கேட்டுக்க. புகார் நின்னா சிவப்பு போயிரும். சிவப்பு போச்சுன்னா அத்தனை பேரும் திரும்பி வந்துருவாங்க. நான் மறுபடி கேன் தூக்கணும். நீ மறுபடி வாசல்ல நிக்கணும்."

செதிலாயிக்குப் புரிந்தது. அன்றிலிருந்து எறும்புத்தின்னிகள் காலையில் குளத்தில் வயிறு முட்டக் குடிக்கும். பிறகு கரையில் வரிசையாக நின்று, ஈர வாயோடு, "தண்ணீர் இல்லவே இல்லை" என்று அமுக்கிவிட்டு எறும்பு தேடப் போகும். மனசாட்சி உறுத்திய ஓர் எறும்புத்தின்னி மட்டும் கண்ணை மூடிக்கொண்டு அமுக்கும். முங்குசாமியும் ஓய்வு நேரத்தில் நாலு புகார் போடும்.

கருக்காம்பாறையில் நிலைமை வேறாக இருந்தது. யானைகள் பாறையை நக்கின. எருமைகள் உருள்வதற்குச் சேறு கிடைக்காமல் ஒன்றையொன்று முறைத்தன. மான்கள் சில விழுந்து எழவில்லை. புகார் செய்யலாம் என்றால் அங்கே டவர் இல்லை, வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அதனால் வரைபடத்தில் கருக்காம்பாறை முன்னைவிடப் பச்சையாகத்தான் இருந்தது. ஆனாலும் எல்லாருக்கும் உள்ளுக்குள் ஒரு பெருமை. சிவப்பில் மாட்டாமல் தப்பித்தோமே என்று காய்ந்த நாக்கால் பேசிக்கொண்டார்கள்.

ராஜா வர்ணலிங்கத்தைக் கூப்பிட்டார். "யோவ், காட்டுலயே செழிப்பான இடத்துல இருக்கேன். தொண்டை ஏன் இப்படி எரியுது?"

"அது உள்ளூர் வேறுபாடு, மகாராஜா. சராசரியில் தங்களுக்குத் தாகம் இல்லை."

ராஜா அந்தச் சராசரியை விழுங்கிப் பார்த்தார், இறங்கவில்லை. ஒரு கர்ஜனை விட்டார். காற்றுதான் வந்தது. "நீயே நேர்ல போ. அந்தச் சிவப்பு இடம் இன்னும் சிவப்பாத்தான் இருக்கான்னு பார்த்துட்டு வா."

நேரில்! வர்ணலிங்கம் வெளிறிவிட்டது, பச்சோந்தி என்பதால் எல்லாருக்கும் நன்றாகவே தெரிந்தது. வேறு வழியில்லாமல் நடந்தது. கால் மரத்து, கண் இரண்டும் வேறு வேறு திசையில் சொருகி, பலகையைத் தாண்டி உள்ளே போய் விழுந்தது. விழுந்தது தண்ணீரில்.

குடித்து முடித்த பிறகுதான் அதற்கு யோசனையே வந்தது. எதிரே, தான் இவ்வளவு நாள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த குளம். அதன் மேல் வெயில் அடித்து அலுவலகத்தின் மூடிய ஜன்னலில் பட்டுக்கொண்டிருந்தது. கரையில் எறும்புத்தின்னிகள் நின்று பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தன.

"அடப்பாவிங்களா, தப்பாப் போட்டுட்டேனே" என்றது வர்ணலிங்கம். "இப்பவே போய் வரைபடத்தைச் சரி பண்றேன்."

செதிலாயி முன்னால் வந்தது. அதன் வாலில் குட்டி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது, உடம்பு தேறியிருந்தது. "பண்ணுங்க சார். பண்ணினா என்ன ஆகும்?"

"எல்லாரும் இங்க திரும்பி வருவாங்க."

"நாங்க?"

"நீங்க உங்க இடத்துக்குப் போயிரலாம். அதைச் சிவப்பாக்கிடறேன்."

"ஆக்கினா தண்ணி வருமா சார்?"

வர்ணலிங்கம் பழைய வரைபடங்களையெல்லாம் மனசுக்குள் புரட்டிப் பார்த்தது. ஓர் இடம் சிவப்பானதால் அங்கே தண்ணீர் வந்ததாக அதற்கு ஒரு சம்பவமும் ஞாபகம் வரவில்லை. எனக்கும்தான் வரவில்லை, நீங்கள் காத்திருக்க வேண்டாம். கூடவே இன்னொன்றும் அதற்குத் தோன்றியது. தாகத்தோடும் பசியோடும் இருக்கிற ஒரு சிங்கத்தின் முன்னால் போய், "மகாராஜா, புள்ளியை இடம் மாற்றிப் போட்டுவிட்டேன்" என்று சொல்லும் காட்சி. அது குட்டியின் மேல் வைத்த இரக்கத்தால்தான் மனம் மாறியது என்று எழுத எனக்கு ஆசை. எங்கள் தொழிலுக்கு அப்படியொரு நல்ல பெயர் கிடைத்தால் நானும் கொஞ்சம் நனைந்துகொள்ளலாம். ஆனால் அதன் ஒரு கண் குட்டியைப் பார்த்தபோது இன்னொரு கண் சிங்கம் இருக்கும் திசையைப் பார்த்தது.

வர்ணலிங்கம் இன்னொரு முறை வயிறு நிறையக் குடித்தது. கருக்காம்பாறைக்குத் திரும்பியது.

"என்னய்யா, எப்படி இருக்கு?" என்றார் ராஜா. எழுந்திருக்கவில்லை.

"முன்பைவிட மோசம், மகாராஜா. பார்க்கக் கூடாத காட்சி."

"உன் வாயெல்லாம் ஈரமா இருக்கே?"

"கண்ணீர், மகாராஜா. அங்கே உள்ளவர்கள் படும் பாட்டை நினைத்து வழியெல்லாம் அழுதேன்."

ராஜாவின் மனம் இளகியது. "அந்தப் பக்கம் இனிமே யாரும் போக வேணாம்" என்றார்.

"யாராவது ஒருவர் அங்கேயே இருந்து நிலைமையைக் கண்காணிக்க வேண்டும், மகாராஜா. மற்றவர்கள் உயிரைப் பணயம் வைக்க வேண்டாம். நானே போகிறேன்."

சபை கலங்கிவிட்டது. இப்படிப்பட்ட தியாகியை ராஜா அதுவரை பார்த்ததில்லை. வர்ணலிங்கம் போகுமுன் கடைசியாக ஒரு வரைபடம் போட்டுக் கொடுத்தது. மேற்கே இன்னும் தள்ளி, யாருமே போய்ப் பார்த்திராத ஒரு பகுதி, கருக்காம்பாறையைவிடக் கரும்பச்சையாக இருந்தது. ராஜா மிச்சமிருந்தவர்களைக் கூட்டிக்கொண்டு அங்கே கிளம்பினார்.

போகும்போது யானைகள் நின்று, தும்பிக்கையைத் தூக்கிக் கிழக்குப் பக்கமாக மோந்தன. "தண்ணி வாசனை வருதே" என்றது ஒன்று. "அந்தப் பக்கம் சிவப்பு" என்றது இன்னொன்று. எல்லா யானைகளும் தும்பிக்கையை இறக்கிக்கொண்டு மேற்கே நடந்தன.

நீதி: குளம் நிறைந்திருக்கும்வரை குறை சொல்வதை நிறுத்தாதே. நிறுத்தினால் பங்குக்கு ஆள் வரும்.